வுலாங்கி வேலை செய்யக்கூடாது

சுஷீலா ஃபிஜித் தீவில் நாடி நகரத்து விமான நிலையச் சாலை ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்பவள். வீட்டில் ஹிந்தி பேசுவாள். கோபம் வந்தால் தமிழ். அவள் கணவன் வீரசாமிக்குத் தமிழ் புரியும், மகன் நிலேஷுக்குப் புரியாது. அதனால் திட்டெல்லாம் சிந்தாமல் வீரசாமிக்கே போய்ச் சேரும்.

இரண்டாயிரத்தில் இந்திய வம்சாவளிப் பிரதமரை இறக்கத் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்தைப் பிடித்தார்கள். மறு வருஷம் வீரசாமியின் கரும்பு நிலத்துக்குக் குத்தகை முடிந்தது. நிலத்துக்குரிய ஃபிஜிக் குலத்தார் புதுப்பிக்கவில்லை.

"நீங்கள் வுலாங்கி," என்றார்கள். வுலாங்கி என்றால் ஃபிஜி மொழியில் விருந்தாளி. "விருந்தாளிக்குக் கிளம்பத் தெரியணும்," என்று ஒருவர் சிரித்தபடி சொன்னார். வீரசாமியும் கூடச் சிரித்தார். தகர வீட்டையும் அவர் அப்பா வைத்த மாமரத்தையும் விட்டுவிட்டு நாடிக் கோயில் பக்கம் வாடகைக்கு வந்தார்கள். நிலம் போனதைவிட அந்தச் சிரிப்புதான் சுஷீலாவுக்கு ஆறவில்லை.

நியூசிலாந்தில், ஆக்லாந்தில் வேலை பார்க்கும் நிலேஷ் லீவில் வந்தான். வந்ததும் இருவரையும் காரில் ஏற்றி, சிகடோகா ஆற்றோரமாக மேலே மலைக் காட்டருகில் ஒரு விடுதிக்கு அழைத்துப் போனான். நாலைந்து ஓலைக் குடில்கள். லிட்டியா என்ற கிராமத்துப் பெண் நடத்துகிறாள். ஃபிஜி இனத்தவள், ஆனால் கரும்புக்காட்டு இந்தியப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். ஹிந்தி சரளமாகப் பேசினாள்.

சாப்பாட்டுக்கு முன்பு லிட்டியா அவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய் இகுவானாவைக் காட்டினாள். முழங்கை நீளப் பச்சை ஓணான், கிளையோடு கிளையாகக் கிடந்தது.

"அசையவே இல்லையே, உயிர் இருக்கா?" என்றார் வீரசாமி.

"உங்களை மாதிரிதான்," என்றாள் சுஷீலா தமிழில்.

"இதுங்க எங்கிருந்தோ மரத்தில ஒட்டிக்கிட்டுக் கடல்ல மிதந்து வந்ததாம், ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க," என்றாள் லிட்டியா.

"இதுக்குக் குத்தகை எப்ப முடியுது?" என்றாள் சுஷீலா, இம்முறை ஹிந்தியில்.

லிட்டியா சிரித்தாள். சுஷீலா சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். தலைக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கிளிகள் கத்திக்கொண்டு போயின. நிலேஷ் படமெடுத்தான்.

சாப்பிட்ட பிறகு சுஷீலா தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கழுவத் தொடங்கினாள். பிறர் கழுவ உட்கார்ந்திருந்து அவளுக்குப் பழக்கமில்லை. லிட்டியா ஓடி வந்து தட்டைப் பிடுங்கினாள்.

"வை, தீதி. வுலாங்கி வேலை செய்யக்கூடாது."

சுஷீலாவின் கை நின்றது.

"யாரு வுலாங்கி? நான் இங்க பொறந்தவ. எங்கம்மா இங்க பொறந்தவ. வேலை செய்யக்கூடாதா? எங்க மாமனார் வெட்டின கரும்பெல்லாம் என்ன?"

"நான் யார் நிலத்தையும் எடுக்கலை," என்றாள் லிட்டியா. அவளுக்கும் முகம் சிவந்துவிட்டது. "வீட்டுக்கு வந்தவங்களை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். அது எங்க மரியாதை."

"அந்த மரியாதையோடதான் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினாங்க."

சத்தம் கேட்டு நிலேஷ் வந்தான். பின்னால் வீரசாமி.

"இதுக்குத்தான் சொல்றேன்மா," என்றான் நிலேஷ். "எதுக்கு இங்க கிடந்து சண்டை? ஆக்லாந்து வர உங்க ரெண்டு பேருக்கும் விசா எல்லாம் ஆகிடுச்சு. நிதானமா சொல்லலாம்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். அப்பா எப்பவோ சரின்னுட்டார்."

சுஷீலா ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். கணவனைப் பார்த்து ஹிந்தியை விட்டாள். அத்தனை வருஷ 'நீங்க'வையும் விட்டாள்.

"எப்ப சரின்னே?"

"போன்ல... போன மாசம்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ கோபப்படுவே."

"இப்ப என்ன கும்மியா அடிக்கிறேன்? நிலத்துக்காரன் 'வெளியே போ'ன்னான், சிரிச்சே. இவன் 'உள்ளே வாங்க'ன்றான், தலையாட்டுறே. நடுவில நான் ஒருத்தி இருக்கேன். எனக்கு வேலை இருக்கு, சம்பளம் இருக்கு, வாயிருக்கு. மூட்டை கட்டி வச்ச சாமான்னு நினைச்சியா?"

நிலேஷ் அப்பாவைப் பார்த்தான். "என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லே," என்றார் வீரசாமி ஹிந்தியில். "யோசிக்கணுமாம்."

சுஷீலா மகன் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு வார்த்தையாக ஹிந்தியில் சொன்னாள்:

"நான் வரலைன்னு சொன்னேன். இந்த ஆள் மாத்திச் சொல்றார்."

வெளியே, கத்தரிக்காய் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சிகடோகா சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். நிலேஷ் கதவைப் பிடித்துக் கெஞ்சினான். வீரசாமி படியிலேயே நின்றார். உள்ளே லிட்டியா தட்டுகளைச் சத்தமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சந்தையிலிருந்து பஸ் பிடித்து நாடிக்கு வந்தாள். மறுநாள் காலை வேலைக்குப் போனாள்.

மழைக்காலம் முடியும் முன்பே வீரசாமி ஆக்லாந்து போனார். சேர்ந்து வா என்று கடைசி வரை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் திட்டுவாளே என்று பயம். கேட்காமலும் அவள் திட்டினாள். பெட்டியை அவள் கட்டித் தரவில்லை. விமான நிலையத்துக்கும் போகவில்லை.

விமானம் ஹோட்டல் கூரைக்கு மேலே ஏறியபோது மாடி அறையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்ப்பக்கம் விரிப்பைப் பிடித்திருந்த, கூட வேலை பார்க்கும் கம்லா நிமிர்ந்தாள்.

"தீதி, வீரசாமி அண்ணன் போற ப்ளேன் இதுதானே?"

"மூலையை இழுத்துப் பிடி," என்றாள் சுஷீலா தமிழில். கம்லாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இழுத்துப் பிடித்தாள்.