வெள்ளிக்கிழமைக் கத்திப் பாடம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பாக்கியம் டீச்சர், நான் சொன்ன பொய்யை நம்பினாரா? அவர் போனதிலிருந்து இதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரிந்தவர் அவர் மட்டும்தான்.

செய்தி புதன்கிழமை காலையில் வந்தது. அவருடைய தம்பி தொலைபேசியில் அழைத்து, "அக்கா விடியக்காலையில போயிட்டாங்க டீச்சர்" என்றார். நான் பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருந்தேன். எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். நாளைக்கு மூன்று மணிக்கு என்றார். போனை வைத்துவிட்டு மீதி மாஜரினையும் பூசி, பாணைச் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது வாயில்தான், பாடசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த அந்தப் பிள்ளையின் நினைவு வந்தது. அதற்குப் பிறகு சாப்பிட முடியவில்லை.

இதை வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் அவரிடம் மனையியல் படித்தவர்கள். மற்றவர்கள் பதுளையில் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் அவரோடு இருந்தவர்கள். ஆகவே அவருடைய பிறந்த தோட்டம், சேவைக்காலம், பெற்ற பாராட்டுகள் எதையும் நான் எழுதப்போவதில்லை. அவற்றையெல்லாம் பிரதி அதிபர் மயானத்தில் சொல்லிவிட்டார். நான் அவருடைய கத்திகளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் வரலாறு படிப்பிக்கிறவள். பாடசாலைக்கு வந்த புதிதில் அவருடைய பக்கத்து மேசை எனக்குக் கிடைத்தது. ஒருநாள் அவர் ஒரு கட்டுச் சித்திரத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பாடப்புத்தகத்தில் சமையலறைக் கத்திகளுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், கீழே அதன் பயன். அதைப் பார்த்து வரைய வேண்டாம், உங்கள் வீட்டில் இருப்பதை வரைந்து வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே ஒரு கத்திதான் இருந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டித் தேய்ந்துபோன கத்தியை, கொல்லனிடம் கொடுத்துக் குட்டையாக்கிப் பிடி போட்ட கத்தி அது. பயன் என்ற இடத்தில் 'எல்லாம்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"ஒரு வீட்டுக்கு ஒரு கத்திதான் டீச்சர். அதுக்காக எல்லா வீட்டுலயும் ஒரே கத்தியா? நல்லாப் பாருங்க" என்று தாள்களை என் பக்கம் தள்ளினார். பார்த்தேன். ஒன்று அகலம், ஒன்று ஒல்லி, ஒன்றுக்கு நுனியே இல்லை.

அந்தத் தாள்களிலிருந்துதான் கத்திப் பாடம் பிறந்தது. தவணைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, தரம் பத்துப் பிள்ளைகள் வீட்டுக் கத்தியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, துணியால் கட்டி, பெயர் எழுதிக் கொண்டுவருவார்கள். மணி அடிப்பதற்கு முன் டீச்சர் வாசலில் கூடையோடு நிற்பார். பொட்டலத்தை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். மாலையில் அதே வாசலில் திருப்பிக் கொடுப்பார். தனித்தனியே ஒரு கத்திதான் இருந்தாலும், மனையியல் அறை மேசையில் எல்லாம் வரிசையாகக் கிடக்கும்போது புத்தகத்தில் இருந்ததைவிட அதிக வகை இருக்கும். கடைவீதிப் பிள்ளை ஒருத்தி பல்லுக் கத்தி கொண்டுவருவாள். அது பாணுக்கு, நன்றாகப் பழுத்த தக்காளிக்கு. விரல் நீளத்துச் சின்னக் கத்தி பூண்டு உரிக்க, உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்ட. அகன்ற அலகுள்ளது லீக்ஸ், கோவா மாதிரி மரக்கறிக்கு. கனத்தது தேங்காய் உடைக்க, எலும்பு வெட்ட. பலாக்காயில் வைக்குமுன் அதற்கு எண்ணெய் தடவ வேண்டும். அருவாமனையை யாரும் பஸ்ஸில் கொண்டுவர முடியாது என்பதால் அதை அவரே தன் வீட்டிலிருந்து ஓட்டோவில் ஏற்றி வருவார். "இதுல கத்தி மகாராணி மாதிரி உக்காந்திருக்கும். மரக்கறிதான் எந்திரிச்சு வரணும்" என்பார்.

மீன் கத்திதான் கிடைக்காது. ஒல்லியாக, சற்று வளைந்துகொடுத்து, முள்ளை ஒட்டியே போகிற கத்தி அது. மீன் வியாபாரியிடம் இரவல் வாங்கினால்தான் உண்டு. அவரோ தினமும் அதை வைத்துத்தான் பிழைக்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் யாரும் மீன் வாங்குவதில்லை. பாடம் வெள்ளிக்கிழமையில் விழுந்ததற்குக் காரணம் அதுதான். அன்று மீன் வெட்டிக் காட்ட முடியாதே என்று நான் கேட்டேன். "பிடிக்கப் பழகினா போதும். மீன் பிறகு வரட்டும்" என்றார்.

ஒரு சரஸ்வதி பூசைக்கு அவர் மனையியல் அறைக் கருவிகளைக் கழுவிப் படத்துக்கு முன் அடுக்கினார். இரவல் மீன் கத்தியும் அந்த வரிசையில் இருந்தது. பிரதி அதிபர் கண்டுவிட்டார்.

"மீன் கத்தியையா டீச்சர் சாமிக்கு முன்னால வைக்கிறது?"

"கழுவித்தான் வச்சிருக்கேன் சேர். வருஷம் பூரா வேலை செஞ்ச கத்தி அது. சும்மா கிடந்தது உங்க பிரம்புதான்."

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருந்த காலம். பிரதி அதிபர் தன் பிரம்புக்குக் குங்குமம் இட்டு, சரஸ்வதியின் காலடியிலேயே வைத்திருந்தார். அறை முழுதும் சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். மீன் கத்திக்குச் சந்தனம் வைக்கப்பட்டது. நான் பக்தி உள்ளவள் அல்ல. அன்றைக்கு வடைக்காகத்தான் போயிருந்தேன்.

எங்கள் குடும்பம் பதுளை டவுனில் கடை வைத்திருந்த சைவக் குடும்பம். மீன் கத்தி என்ற ஒன்றை வீட்டில் கண்டதில்லை. தனியாக வீடு எடுத்தபோது, கொழும்பில் விலை கூடிய ஒரு பெரிய கத்தியை வாங்கி எல்லாவற்றுக்கும் அதையே பாவித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த பாக்கியம் டீச்சர் என் கையில் அதைப் பார்த்தார்.

"என்ன செய்றீங்க?"

"பூண்டு உரிக்கிறேன்."

"அந்தக் கத்திக்கு முன்னால பூண்டு பயந்து தானா உரிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே கத்தியை வாங்கி, விரல் நகத்தில் லேசாக வைத்துப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, மெருகில்லாத அதன் அடி விளிம்பில் தீட்டத் தொடங்கினார். "மொட்டைக் கத்தின்னா கை பலம் போடும். பலம் போட்ட கைதான் வெட்டுப்படும். கூரான கத்திக்குப் பயப்படாதீங்க டீச்சர்." பிறகு அதை என் கையில் தராமல் மேசையில் வைத்தார். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்ற நம்பிக்கையா என்று கேலியாகக் கேட்டேன். "சண்டை வருதோ இல்லையோ, விரல் மிஞ்சும்ல" என்றார்.

இனி எழுதப்போவது உங்களில் பலருக்குத் தெரியாது. ஆசிரியர் அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

சென்ற தவணையின் கத்திப் பாட வெள்ளிக்கிழமை பாக்கியம் டீச்சர் வரவில்லை. காலையில் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சு வலித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாசலில் கூடை இல்லை. பிள்ளைகள் தங்களுக்குள் பேசி, பொட்டலங்களைக் கேன்டீன் அக்காவிடம் கொடுத்து வைத்தார்கள். நமுனுகுலப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளையின் பஸ் மட்டும் பிந்திவிட்டது. அவள் பெயரை எழுதமாட்டேன். அவளுடைய அப்பாதான் இந்த வருடம் மீன் கத்தியைக் கொடுத்தவர். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி லயம் லயமாக மீன் விற்பவர். வந்து சேர்ந்தவள் யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கத்தியைப் பையிலேயே வைத்திருந்தாள். அன்று யாருடைய போனோ காணாமல் போனதால் மாணவத் தலைவிகள் எல்லோருடைய பையையும் சோதித்தார்கள்.

அதிபர் பாடசாலைக்குப் புதியவர். நீளமான, ஒல்லியான கத்தி ஒன்று தரம் பத்துப் பிள்ளையின் பையில் இருந்தால் வேறு எவரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார். "பாக்கியம் டீச்சர் கொண்டுவரச் சொன்னாங்க" என்று அவள் அழுதாள். அதிபர் அவளை ஆசிரியர் அறை வாசலில் நிறுத்தி, எங்கள் எல்லோரிடமும் கேட்டார்: "இப்படி ஒரு பாடம் நடக்கிறதா? யாருக்காவது தெரியுமா?"

எல்லோருக்கும் தெரியும். பிரதி அதிபர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேன்டீன் அக்கா மற்றப் பொட்டலங்களை மாச்சாக்குக்குப் பின்னால் ஒளித்துவிட்டார் என்று பிறகு அறிந்தேன். நான் தலையை நிமிர்த்தாமல் ஒரு விடைத்தாளுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். ஒழுக்காற்றுக் குழுவில் நானும் ஒருத்தி. அந்தப் பாடத்துக்கு எவரிடமும் அனுமதி வாங்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்குத்தான் சிக்கல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை அவரே வந்து விளங்கப்படுத்துவார் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் நியாயமாகத்தான் ஒலித்தன. விசாரணை முடியும்வரை வரக்கூடாது என்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். கத்தி அதிபரின் அலுமாரிக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டீச்சர் மூச்சை எண்ணி எடுப்பவர் போலப் பேசினார்.

"வெள்ளிக்கிழமை வரமுடியாமப் போச்சு. கத்தியெல்லாம் வீட்டுக்குப் போயிருச்சா?"

"எல்லாம் போயிருச்சு டீச்சர்."

"மீன் கத்தி?"

"அதுவும்தான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பச் சரி. சனிக்கிழமை அவருக்கு யாவாரம் இருந்திருக்குமே" என்று கண்ணை மூடிக்கொண்டார். நோயாளியைக் கலங்கவைக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் சொன்னேன் என்று யாரும் ஏற்றுக்கொள்வார்கள். நான் ஏற்றுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால், "நீங்க அங்க இருந்தீங்களே, என்ன சொன்னீங்க?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்குப் பயந்துதான் சொன்னேன்.

வியாழக்கிழமை மரண ஊர்வலத்துக்குப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வீதியின் ஒரு பக்கம் வரிசையாக நின்றார்கள். மற்றப் பக்கத்தில், மூடியிருந்த கடையொன்றின் முன்னால், வீட்டுச் சட்டையோடு அந்தப் பிள்ளை தன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். பாடசாலைக்கு வரக்கூடாது என்றதைச் சீருடை போடக்கூடாது என்றும் விளங்கிக்கொண்டிருக்கிறாள். சவப்பெட்டி கடந்தபோது அப்பா கைகூப்பினார். அவள் கூப்பவில்லை, வரிசையில் நின்ற தன் வகுப்புப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயானத்தில் பிரதி அதிபர் நன்றாகப் பேசினார். கத்திப் பாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று மறுத்துவிட்டேன்.

பாக்கியம் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது 'மீன் கத்தி?' என்ற அந்த இரண்டாவது கேள்வி. 'எல்லாம்' என்று நான் சொன்னது அவருக்குப் போதவில்லை. கட்டிலில் கிடந்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு, எந்த வீட்டுக் கத்தி, மறுநாள் எவருக்கு வேண்டும் என்று பிரித்துக் கேட்டார். இத்தனை வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டவில்லை. இனியாவது ஒட்டுமா என்று எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

மரண ஊர்வலத்துக்கு மறுநாள் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். முதல் பாடத்துக்கு முன்பே அதிபரின் அறைக்குப் போய், அந்தப் பாடம் பல வருடமாக நடப்பதையும், அது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே டீச்சர்" என்றார். விசாரணைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு பிள்ளையின் வீட்டுக்குப் போன் எடுத்தார். எல்லாம் ஒரு தேநீர் ஆறும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை என்பதால் அப்பா வீட்டில்தான் இருந்தார். பத்து மணிக்குள் மகளைச் சீருடையோடு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அலுமாரியிலிருந்து வந்த கத்தியை விரலால் தடவிப் பார்த்தார். அலுவலகத்தில் யாரோ அதை எடுத்துப் புத்தகப் பெட்டிகளின் பட்டியை அறுத்திருக்கிறார்கள். அலகில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருந்தது. "பரவாயில்லீங்க, தீட்டிக்கலாம்" என்றார். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "பக்கத்துத் தோட்டத்துல ஒரு கத்தி கேட்டு வாங்கினேன். அதுல முள்ளோட பாதிச் சதை போயிருது. சனங்க ஏசுறாங்க" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பி, "டீச்சர் சொல்லித்தான் நடந்துச்சுன்னு சேர் சொன்னாரு. பெரிய உதவிங்க" என்றார். நானும் கைகூப்பினேன்.

அவர் போன பிறகு பிள்ளையை வகுப்புவரை கூட்டிக்கொண்டு போனேன். படிக்கட்டில் அவள் நின்றாள்.

"டீச்சர், அன்னைக்குச் சேர் கேக்கும்போது நீங்களும் உள்ளதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

அவள் தலையாட்டினாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மீதிப் படிகளில் எனக்கு முன்னால் ஏறிப் போனாள்.