மருதாயி சொன்ன பொய்

மருதாயியின் கருப்பையில் ஒரு குறையும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் உயிரோடு இருந்தவரை எங்கள் தோட்டத்தில் இதைச் சொல்ல ஒரு நாதியும் இல்லை. சொல்லிப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். அவள் வாயையும் அடைத்துவிட்டார்கள். சாகும்வரை அவளுக்கு மலடி என்றுதான் பேர்.

இலங்கையில் எஹலியகொடைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில்தான் எங்களுக்குக் கூலி வேலை. லயத்தில், ஒட்டிக் கட்டிய எங்கள் வரிசை வீடுகளில், அவள் காம்பிராவுக்கும் என் காம்பிராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் கூரை வரை எட்டாது. பால் வெட்டுவதில் அவள் கைக்கு ஈடில்லை. மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவி எடுப்பாள். பக்கத்துக் கிராமத்து ஆட்களோடு பழகிச் சிங்களமும் தண்ணீர் பட்ட பாடாக வரும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் புருஷன் வேலுசாமியும் அதே மலையில் பால் வெட்டியவன்தான்.

அவர்களுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் லயத்தில் பொன்னுக்குவீங்கி பரவியது. பிள்ளைகளுக்குச் சும்மா வந்து போன நோய், வேலுசாமிக்கு வந்தபோது மூர்க்கமாக வந்தது. இரண்டு தாடையும் வீங்கி, கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு இந்த நோய்க்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கழுத்தில் பொன் போடுவது. கூலிக்காரன் காம்பிராவில் பொன் ஏது? மருதாயி தன் தாலிக்கயிற்றில் இருந்த பொட்டைக் கழற்றி அவன் கழுத்தில் கட்டினாள். தன் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்துகொண்டாள்.

கழுத்து வீக்கம் வற்றியது. ஆனால் அவனுடைய விதைகள் இரண்டும் வீங்கிக்கொண்டன. காய்ச்சலும் திரும்ப ஏறியது. காலை அகட்டிப் போட்டபடி முனகிக்கொண்டு கிடந்தான். இதற்கு லயமே சந்தோஷப்பட்டது என்றால் நம்புவீர்களா?

"பொன்னு நோவ எறக்கிருச்சு. இனி காலு வழியா வெளிய போயிரும், பயப்படாதீங்க" என்றார் கன்னையா கங்காணி. வேலுசாமிக்கு அவர் தாய்மாமன். எங்களை எல்லாம் வேலைக்கு இறக்குபவரும் நிறுத்துபவரும் அவர்தான். அவர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? நோய் இறங்கிய சந்தோஷத்தில் அம்மனுக்குப் பொங்கலும் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு பிள்ளை வரவில்லை. ஒரு வருஷம் பொறுத்தார்கள், இரண்டு வருஷம் பொறுத்தார்கள், பிறகு வாயைத் திறந்தார்கள். புது மஞ்சள் காய்வதற்குள் தாலிப் பொட்டைக் கழற்றியவளுக்கு வயிறு எப்படித் திறக்கும் என்று கேட்டார்கள். அந்தப் பொட்டால்தான் அவன் பிழைத்தான் என்று சொன்னவையும் இதே வாய்கள்தான். காதுகுத்துக்கு அவளைக் கூப்பிடமாட்டார்கள். மாசமாக இருப்பவள் அவளைக் கண்டால் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வாள்.

பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த பளீலாதான் கடைசியில் ஒரு வழி சொன்னாள். "நம்மட மகளும் அந்த டொக்டர் நோனாக்கிட்டத்தான் காட்டின. வாங்க மருதாயி, நானும் கூட வாறேன்" என்று பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் ஒரு பறங்கிப் பெண்மணி. தமிழ் வராது, சிங்களம் வரும். மருதாயியை நன்றாகச் சோதித்துப் பார்த்தார், மாதவிலக்குப் பற்றிக் கேட்டார், பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். கருப்பை கவிழ்த்து வைத்த கொய்யாப்பழம் போல இருந்தது. அதன் இரண்டு தோளிலிருந்தும் ஒவ்வொரு குழாய். குழாய் முனைக்கு அருகே, பக்கத்துக்கு ஒன்றாக, முட்டை விளையும் சூலகம். மாதத்துக்கு ஒரு முட்டை அங்கிருந்து கிளம்பிக் குழாய்க்குள் வரும். ஆணின் வித்து வந்து அதோடு சேர்ந்தால் கரு. சேராவிட்டால், கருவுக்காகக் கருப்பைக்குள் தடித்து வளர்ந்த சவ்வு கரைந்து இரத்தமாகப் போய்விடும்.

"அப்படியென்றால் தீட்டு என்பது அழுக்கு இல்லையா?" என்று மருதாயி கேட்டாளாம்.

"அழுக்கா? வராத பிள்ளைக்கு விரித்த பாய் அது" என்றாராம் டாக்டர்.

ஆணின் வித்து விதைகளில்தான் உண்டாகிறது, உடம்புச் சூடு அதற்கு ஆகாது, அதனால்தான் அவை வெளியே ஒரு பைக்குள் தொங்குகின்றன என்றும் சொல்லிக்கொடுத்தார். புருஷனுக்கு எப்போதாவது அந்த இடத்தில் வீக்கம் வந்ததா என்று கேட்டார். மருதாயி பொன்னுக்குவீங்கிக் கதையைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இப்போது அவை எப்படி இருக்கின்றன என்று கேட்டார். மருதாயி வெட்கத்தோடு சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள். அந்த வீக்கத்தில்தான் அவை சுருங்கிப்போயின என்றார் டாக்டர். படுக்கையில் குறை இல்லாத ஆணுக்கும் வித்தில் உயிர் இல்லாமல் போகலாம், அவனைக் கூட்டிவந்தால் கண்ணாடியில் வைத்துப் பார்த்து நிச்சயமாகச் சொல்லிவிடலாம் என்றார். புறப்படும்போது அவள் தோளைத் தொட்டு, "ஒயாகே வரதக் நே" என்றார். உன் மேல் பிழை இல்லை. அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அந்தச் சந்தோஷம் வீடு வந்து சேரும் வரைக்கும்தான். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதற்கு வேலுசாமி விறகுக்கட்டையால் பதில் சொன்னான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு அடியும் கேட்டது. விடிந்ததும் அவள் வீங்கிய முகத்தோடு பீலிக்கரைக்கு வந்து, தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னாள்.

"எனக்கு ஒரு கொறையும் இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பொன்னுக்குவீங்கி எறங்கினப்பவே அவருக்கு வித்து செத்துப்போச்சு. இன்னும் பத்துப் பொண்டாட்டி கட்டினாலும் புள்ள பொறக்காது."

பீலிக்கரை சிரித்தது. ஆம்பளைக்கு எங்கேயாவது மலடு உண்டா என்று பெண்களே கேட்டார்கள். ஆசை தீராத மலடி பொறாமையில் புலம்புகிறாள் என்று முடிவு கட்டினார்கள். அவள் சொன்னதை நம்பியது ஒரே ஒரு ஆள். அது யார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கொஞ்ச நாளில் கன்னையா கங்காணி தெரணியகலைப் பக்கத்திலிருந்து அங்கம்மாவைக் கொண்டுவந்து மருமகனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்தார். தாய் தகப்பன் இல்லாத பெண். இருபது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டாள். மருதாயி அவளோடு சண்டை பிடிக்கவில்லை. கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். வருஷம் முடிவதற்குள் அங்கம்மா முழுகாமல் இருந்தாள்.

வேலுசாமியின் நடையே மாறிவிட்டது. கங்காணி லயம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். மருதாயி மட்டும் அங்கம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலையில் தனியாக இருந்தபோது அங்கம்மா அவள் காலைக் கட்டிக்கொண்டாள். இதை அங்கம்மாவே எனக்குச் சொன்னாள், அந்த இரண்டு ஆண்களும் செத்து மண்ணான பிறகு.

"அக்கா, ஒங்களுக்குத் தெரியும். கங்காணி ஐயாதாங்கா. பால் ஸ்டோருக்கு வரச் சொல்லுவாரு. வரலைன்னா தோட்டத்த விட்டே தொரத்திருவேன்னாரு. நம்ம வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்டுருவாருக்கா."

நம்பிய ஆள் யார் என்று இப்போது தெரிகிறதல்லவா? மருமகனால் ஆகாது என்று கன்னையாவுக்கு மருதாயி சொல்லித்தான் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். டாக்டர் சொன்ன உண்மையால் ஆதாயம் அடைந்தவர் அந்த மனிதர் ஒருவர்தான்.

அவருக்கு அது போதவில்லை. மருதாயி பீலிக்கரையில் சொன்னது அவரை அறுத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நம்ம குடும்பத்து ஆம்பளையப் பத்திக் கண்டபடி பேசினியே. இப்ப என்னா சொல்ற? அது நெசமா, பொய்யா? எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

அவள் நிஜம் என்று சொல்லி, அங்கம்மாவின் வயிற்றில் வளர்வது யாருடையது என்றும் சொல்லியிருந்தால், அத்தனை வருஷப் பழியும் போயிருக்கும். கூடவே அங்கம்மாவும் போயிருப்பாள். கங்காணியை யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். வேலுசாமி முன்வரிசையில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். அவன் இடுப்பில் பால்கத்தி இருந்தது. அங்கம்மா அவனுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

மருதாயி கங்காணியை நேராகப் பார்த்தாள்.

"பொய்தாங்க" என்றாள். "பொறாமையில சொன்னேன்."

"அப்பிடி வா வழிக்கு" என்றார் கன்னையா. "பொம்பளைக்குத் தன் ஒடம்பப் பத்தியே ஒண்ணும் தெரியாது. இதுல ஆம்பளை ஒடம்பப் பத்திப் பேச வந்துட்டா!"

களமே சிரித்தது. வேலுசாமி எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான், சிரித்துக்கொண்டே அங்கம்மாவின் பக்கம் திரும்பினான். அங்கம்மாவும் சிரிக்க வேண்டியிருந்தது.