சாப்பிடாத பிள்ளை

இது நடந்தது. கற்பனை பண்ணி எழுதத் தெரிந்தவனாக இருந்தால் நான் ஏன் கிடங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கப் போகிறேன்? அதோடு, கற்பனை என்றால் அதில் என்னை இவ்வளவு பெரிய கோழையாகக் காட்டியிருக்க மாட்டேன். சந்தேகம் இருந்தால் என் மனைவியைக் கேளுங்கள். "நடந்தது" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

நாங்கள் நாடு மாறி வந்து மூன்றாவது மாதம். குளிர்காலம். சாயங்காலம் காபி குடித்துவிட்டு நிமிர்ந்தால் வெளியே இருட்டு. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவள் தயவில்தான் எனக்கு விசா. ஊரில் நான் வங்கி அதிகாரி. இங்கே என் அதிகாரம் டேப் கத்தரிப்பதோடு சரி. காலையில் நான் போவேன், மதியம் நான் திரும்பியதும் அவள் போவாள். வாசலில் வைத்துப் பாப்பாவைக் கைமாற்றிக்கொள்வோம். அவள் ராத்திரி பத்து மணிக்கு வரும்வரை வீட்டுக்கு நான்தான் ராஜா, மந்திரி, ஆயா. மகனுக்கு நாலு வயது. பாப்பாவுக்கு ஒன்றேகால்.

பிரச்சினை மகன்தான். வந்த நாளிலிருந்து சாப்பிடுவதில்லை. பள்ளியில் கொடுப்பதைத் தொடுவதில்லை. வீட்டில் ஊட்டினால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். குளிப்பாட்டும்போது முதுகில் எலும்பை எண்ணிவிடலாம். இன்னும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊர் என்றால் சாப்பிடாத பிள்ளையை மிரட்ட ஆளா இல்லை? ஊசி போடுகிற டாக்டர், போலீஸ், பூச்சாண்டி, கோணி மூட்டையோடு வருகிற பிள்ளை பிடிக்கிறவன் என்று பெரிய பட்டாளமே உண்டு. இங்கே போலீஸ்காரர் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறார். டாக்டர் ஸ்டிக்கர் கொடுக்கிறார். இப்படி இருந்தால் ஒரு தகப்பன் எப்படிச் சோறு ஊட்டுவான்?

அப்போதுதான் அந்தப் போன் என் கண்ணில் பட்டது.

சமையலறை வாசலில், சுவரில், ஒரு பழைய இண்டர்காம் போன். முன்பெல்லாம் கீழே தெருக்கதவில் மணி அடித்தால் இதில் பேசி, பட்டனை அழுத்திக் கதவைத் திறப்பார்களாம். இப்போது எண் அழுத்தித் திறக்கும் புதுப் பூட்டு வந்துவிட்டது. போன் வேலை செய்யாது, சுவரைப் பெயர்க்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருக்கிறோம் என்று வீட்டைக் காட்டியபோதே காவலாளி சொல்லியிருந்தார்.

எடுத்தேன். காதில் வைத்தேன்.

"ஹலோ, பிள்ளை பிடிக்கிற மாமாவா? மூணாவது மாடியிலேர்ந்து பேசறேன். இங்க ஒரு பையன் சாப்பிட மாட்டேங்கறான். வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

மகனின் வாய் திறந்தது. ஆறு கவளம் உள்ளே போனது!

அன்றிலிருந்து தினமும் அதுதான். எட்டாம் வகுப்பு நாடகத்தில் மரமாக நின்றவன் நான். என் நடிப்பை நம்புவதற்கு ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கும் கொஞ்சம் பெருமை. மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை.

"கடல் தாண்டி வந்தும் இந்தப் புத்தி போகலையா உங்களுக்கு?"

"எடை ஏறியிருக்கு பார்த்தியா?"

"பாவங்க, புள்ளை பயப்படறான்."

"பயத்துல சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டத்தானே செய்யுது?"

அவள் பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஒரு வாரம் போயிருக்கும். வழக்கம்போல வசனம் பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினேன். செத்த போனில் ஒரு சின்னச் சத்தம். சர்... சர்... சர். காகிதத்தில் பென்சில் ஓடுவது மாதிரி. நான் சொல்வதை யாரோ எழுதிக்கொள்வது மாதிரி...

பழைய கம்பி, ஏதோ காற்று என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் மகன் கேட்டான்.

"அப்பா, அந்த அத்தை எப்ப வருவாங்க?"

"எந்த அத்தைடா?"

"போன்ல இருக்காங்களே."

"அது மாமாடா."

"இல்லப்பா. அத்தை. நீ போனை வச்சதுக்கு அப்புறம்தான் அவங்க பேசுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைவிடப் பெரிய நடிகனாக வருவான் போலிருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் அன்று அவன் சாப்பிட்ட விதம் சரியில்லை. நான் போனைத் தொடவே இல்லை. தட்டை அவனே இழுத்து வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, மெல்லாமல் விழுங்கினான்.

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேன்தான். நாலு நாள்.

ஐந்தாம் நாள் கிடங்கில் லாரி மேல் லாரி. முதுகு இரண்டாகப் பிளந்தது. வீட்டுக்கு வந்தால் பாப்பா ஒரு பக்கம் அழுகை. மகன் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கெஞ்சினேன். கொஞ்சினேன். குரங்கு மாதிரி குதித்துக்கூடக் காட்டினேன். அசையவில்லை. மணி ஏழு இருபது. பொறுமை போய்விட்டது. போனை எடுத்தேன்.

"ஹலோ! மூணாவது மாடி! இன்னிக்கு நீங்க வந்தே ஆகணும். சாப்பிடாத பிள்ளை எத்தனை இருக்கோ அத்தனையும் கூட்டிட்டுப் போயிடுங்க. நான் நிம்மதியா தூங்கறேன்!"

வைத்துவிட்டேன்.

மகன் என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தான். கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"சரின்னு சொல்லிட்டாங்கப்பா."

ஏழு நாற்பதுக்கு மணி அடித்தது.

இண்டர்காம். க்ர்ர்ர்ர்... துருப்பிடித்த சத்தம். இந்த வீட்டில் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்காத சத்தம்.

பாப்பா அழுகையை நிறுத்தினாள்.

மறுபடியும். க்ர்ர்ர்ர்.

எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று கேட்காதீர்கள். போன் அடித்தால் எடுக்கும் கை இது.

"ஹலோ..."

"கீழ நிக்கறேன்."

பெண் குரல். மெதுவான குரல். தமிழ்.

அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். எங்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்க் குடும்பம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. அவர்கள் கூப்பிட்டாலே வர மாட்டார்கள்.

"யா... யாருங்க?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

போனை மாட்டினேன். பட்டனை நான் அழுத்தவில்லை. சத்தியமாக அழுத்தவில்லை.

கீழே தெருக்கதவு திறந்தது. டக்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு விளக்குகள் ஆள் நடமாடினால் தானாக எரியும். அசைவு இல்லை என்றால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். வாசல் கதவின் துளையில் கண்ணை வைத்தேன். முதலில் இருட்டு. பிறகு, கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே, கீழிருந்து வெளிச்சம்.

முதல் மாடி.

செருப்புச் சத்தம். சரக்... சரக்... அவசரமே இல்லை.

இரண்டாவது மாடி.

சரக்... சரக்...

எங்கள் மாடி விளக்கு எரிந்தது.

யாரும் இல்லை.

பளிச்சென்று வெளிச்சம். காலி. என் கிடங்கு பூட்ஸ் மட்டும் ஓரத்தில். சரி, பிரமை, இப்போது அணைந்துவிடும் என்று காத்திருந்தேன். அணையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

அணையவில்லை என்றால்... அங்கே ஏதோ அசைந்துகொண்டே இருக்கிறது.

என் முதுகுக்குப் பின்னால், சுவரில் மாட்டியிருந்த போனிலிருந்து குரல் வந்தது.

"சாப்பிட்டாச்சா?"

இந்த நாட்டுக்கு வந்த பிறகு எங்களை அந்தக் கேள்வி கேட்டவர்கள் யாரும் இல்லை. ஊரில் அதைக் கேட்டால் வயிறு நிறையும். அன்று கதவின் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

ஓடினேன். தட்டை எடுத்தேன். மகன் ஏற்கெனவே வாயைத் திறந்து வைத்திருந்தான். ஊட்டினேன். அவசரத்தில் பாதி அவன் சட்டையில். அதையும் பொறுக்கிச் சாப்பிட்டான். தட்டு காலி.

மகன் வாசல் கதவைப் பார்த்து வாயை அகலத் திறந்து காட்டினான்.

"ஆ... சாப்பிட்டுட்டேன் அத்தை."

விளக்கு அணையவில்லை. கதவடியில் அந்த வெளிச்சக் கோடு.

"சின்னது?"

பாப்பா! மடியில் போட்டேன். ஸ்பூனை வைத்தேன். துப்பினாள். மறுபடி வைத்தேன். தலையைத் திருப்பினாள். "சாமி, செல்லம், தங்கம், உன் காலைப் பிடிக்கிறேன்டி" என்று ஒன்றேகால் வயதுப் பிள்ளையிடம் கும்பிட்டு அழுதேன். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தாள். சிரித்த வாயில் ஊட்டினேன்.

விழுங்கினாள்.

"சாப்பிட்டாச்சு!" என்று கத்தினேன். "எல்லாரும் சாப்பிட்டாச்சு! தெரியாம கூப்பிட்டுட்டேன்! போயிடுங்க!"

மறுபடியும் போனில் அந்தச் சத்தம்.

சர்... சர்... சர். பென்சில்.

"இன்னொண்ணு?"

எனக்குப் புரியவில்லை.

"இன்னொண்ணா?"

"இன்னும் ஒண்ணு இருக்கே."

"இல்ல. எனக்கு ரெண்டுதான். ரெண்டே ரெண்டு."

மகன் திரும்பி என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஒட்டியிருந்த கடைசிச் சோற்றை வழித்து அந்த வாயில் வைத்து அடைத்தேன்.

"ரெண்டுதாங்க. சத்தியமா."

"சரி."

சரக்... சரக்...

இறங்கும் சத்தம். துளையில் கண்ணை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும்.

வரும்போது ஒரு ஜோடிச் செருப்புதான் கேட்டது. போகும்போது அதன் பக்கத்திலேயே இன்னொரு சத்தமும் போனது. தத்... தத்... தத். லேசான கால். வெறுங்கால். எதிரொலி என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஒவ்வொரு மாடியாக விளக்கு அணைந்தது. தெருக்கதவு சாத்திக்கொண்டது. மணி எட்டு ஐந்து.

பத்து மணிக்கு மனைவி வந்தபோது, வாசல் கதவில் சாய்ந்து, இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் இறுக்கிக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து போனைக் கழற்றினாள்.

"நாளைக்குக் குப்பையில போட்டுடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

பிழைத்தோம் என்று நினைத்தேன். மகன் ஒழுங்காகச் சாப்பிட்டான். நான் திரும்பவும் நகைச்சுவை மன்னனாகிவிட்டேன். கிடங்கில் இந்தக் கதையைச் சொல்லி நாலு பேரைப் பயமுறுத்தக்கூடச் செய்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், கீழ் மாடிக்காரர் படியில் எதிரே வந்தார். பஸ் ஓட்டுகிறவர். பெரிய மீசை. நாங்கள் வந்திறங்கிய அன்று பெட்டிகளைத் தூக்க உதவிய நல்ல மனிதர். அவர் பாஷையும் என் பாஷையும் பாதிப் பாதி. நிதானமாகப் பேசினால் புரியும்.

பிள்ளைகள் நலமா என்று கேட்டார். நலம் என்றேன்.

"பெரிய பொண்ணு எங்க? ஊருக்கு அனுப்பிட்டீங்களா?"

வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று சிரித்தேன். எனக்குப் பெரியவன் பையன், நாலு வயது, அடுத்தது கைக்குழந்தை, அவ்வளவுதான் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"வந்த அன்னிக்கு எங்கிட்ட பேசினதே அவதானே? உங்க வீட்டம்மா பாப்பாவோட மேல இருந்தாங்க, உங்களுக்கு என் பேச்சு புரியல. அவதான் கையைக் காட்டி, ஒவ்வொண்ணா கேட்டு உங்களுக்குச் சொன்னா. ஏழு வயசுன்னு விரல்ல காட்டினா. காலையில உங்க ஜன்னல்ல நின்னு என் பஸ்ஸுக்குக் கை காட்டுவா. நானும் ஹாரன் அடிப்பேன். ரெண்டு வாரமா காணோம்... அதான் கேட்டேன்."

மேலே வந்தேன். பாஸ்போர்ட்டுகளை எடுத்தேன். நான்கு. விமானநிலையத்தில் எடுத்த படத்தைப் பார்த்தேன். நாங்கள் நான்கு பேர். எனக்கும் மனைவிக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் இடைவெளி. எங்களுக்குள் அன்று சண்டை ஏதாவது இருந்திருக்கும்.

மகனைக் கூப்பிட்டேன். உனக்கு அக்கா உண்டாடா என்று கேட்டேன்.

அவன் போன் இருந்த சுவரைப் பார்த்தான். பிறகு வாயை அகலத் திறந்து காட்டினான்.

"நான் சாப்பிட்டுட்டேன்ப்பா."

மனைவியிடம் சொன்னேன். உளறாதீங்க என்று திட்டுவாள் என எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் எழுந்துபோய்த் தன் கைப்பையை எடுத்து வந்தாள். உள்ஜிப்பைத் திறந்தாள். நான்காய் மடித்த ஒரு டிஷ்யூ காகிதம்.

"பத்து நாள் முன்னாடி இதை என் பையில பார்த்தேன். யாரோடதுன்னு தெரியலை."

பிரித்தாள்.

ஒரு பால் பல். முன் பல். விழுந்து ரொம்ப நாள் ஆகாத பல்.

மகனுக்கு இன்னும் ஒரு பல்லும் விழவில்லை. பாப்பாவுக்கு இப்போதுதான் முளைக்கிறது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தூக்கிப் போட்டுவிடலாமா என்று நான் கேட்கவில்லை. அவள் அதைத் திரும்ப மடித்தாள், தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவது மாதிரி. உள்ஜிப்பில் வைத்து மூடினாள்.

பிறகு அழுதாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. எனக்கும்.