அருவிக்கரை அப்பீல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அப்பீல் மனுவுக்குக் காரணங்கள் கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஓர் ஆடி மாதத்தில் அது நன்றாக நனைந்துபோயிற்று.

கட்சிக்காரர் ஒரு பண்ணையார். குற்றாலத்தில் சீயக்காய்ப் பொடி விற்கும் பெண்ணைப் பாதையில் மறித்து, கையைப் பிடித்திழுத்துச் சேலையைப் பற்றினார் என்பது வழக்கு. அவள் கத்த, பேரருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் ஓடிவந்து விலக்கிவிட்டிருக்கிறார். வேறு சாட்சி கிடையாது. மாஜிஸ்திரேட்டு மூன்று மாதம் கடுங்காவல் போட்டுவிட்டார்.

தீர்ப்பைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. நல்ல சீசன், அருவி இரைச்சலில் அறுபதடி தள்ளிக் கத்தியது எண்ணெய்க்காரர் காதில் எப்படி விழும்? ஆகவே அவர் சொன்னது பொய். எழுதிக் கொடுத்தேன். வக்கீல் வாசித்துவிட்டு, “வே, நீரு இங்கன இருக்க வேண்டிய ஆளே இல்ல” என்றார். இரண்டு நாளைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்பீலைக் கேட்க வேண்டிய சப் கலெக்டர் துரை அப்போது குற்றாலத்தில்தான் முகாம். பங்களாவிலேயே விசாரணை. வக்கீல் அரைமணி நேரம் அருவியின் இரைச்சலை வர்ணித்தார். பரீட்சைக்காகத் தமிழ் படித்திருந்த துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அருவி அருகில்தானே உள்ளது? சென்று கேட்போம்” என்று, அந்தப் பெண்ணையும் அழைத்துவர ஆள் அனுப்பிவிட்டு எழுந்துவிட்டார்.

சாரலில் குடைகளோடு ஊர்வலம் போனோம். எண்ணெய்க்காரர் நின்ற இடத்தில் துரை நின்றார். பக்கத்தில் வக்கீல், ஜாமீனில் வந்திருந்த பண்ணையார், பெஞ்சு குமாஸ்தா. அறுபதடியை அளந்து காட்ட நான் அந்தப் பெண்ணோடு பாதைக்குப் போனேன்.

“அன்னைக்குச் சொன்னத அப்படியேவா சொல்லணும்?” என்று கேட்டாள்.

“அப்படியேதான்.”

“கோர்ட்டுல ‘கையை விடு’ன்னு மட்டுந்தான் எழுதினாவ. பாக்கி கெடக்கே.”

“எல்லாத்தையும் சொல்லு.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஏலே! கைய விடுலே!” என்று தொடங்கி, பண்ணையாரின் மீசை, அவர் பிறந்த விதம், அவருடைய முன்னோர்கள் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் சீயக்காயோடு திரும்பிப் பார்த்தார்கள். அறுபதடிக்கு அப்பால் பண்ணையார் குடையோடு இரண்டடி பின்வாங்கினார். கேட்டது என்பதற்கு அடையாளமாகத் துரை கையை உயர்த்தினார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தேன். பண்ணையார் பிடித்திழுத்த கையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் கேக்காதுன்னு எழுதினது நீங்கதானா?” என்றாள்.

“ஆமா.”

“நல்லா எழுதினிய. அன்னைக்கு ஒருத்தர் காதுலதான் விழுந்துச்சு. இன்னைக்கு ஊரே கேட்டுட்டு.”

நாங்கள் திரும்பி வந்தபோது துரை பெஞ்சு குமாஸ்தாவிடம், “மூன்றாவதாகச் சொன்ன சொல் என் புத்தகத்தில் இல்லையே, பொருள் என்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வேர்த்துப்போய், “குடும்ப உறவு சம்பந்தப்பட்டது, துரை” என்றார்.

அப்பீல் அன்றைக்கே தள்ளுபடியாயிற்று. பண்ணையாரை அங்கிருந்தே போலீஸார் அழைத்துப் போனார்கள்.

தென்காசிக்குத் திரும்பும் மாட்டுவண்டி மேலகரம் தாண்டியது. “அந்தப் பொம்பள பொய் சொல்லல வே” என்றார் வக்கீல்.

“தெரியும்” என்றேன்.

“எப்பத்துலேருந்து தெரியும்?”

“எழுதும்போதே” என்று மாட்டின் கொம்பைப் பார்த்துச் சொன்னேன்.