சத்தியம் செய்யாதவரின் குரல்

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றேகாலுக்கு ஒரு வீடியோ கேம் நிறுவனத்திடமிருந்து வந்த மின்னஞ்சல் இது: "தாங்கள் குறிப்பிடும் குரல் ஒப்பந்தத்துக்கு உட்பட்டே பயன்படுத்தப்பட்டுள்ளது. விளையாட்டின் தரத்தைத் தொடர்ந்து மேம்படுத்தி வருகிறோம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி." அனுப்பியவர் பெயர் இல்லை. நான் எந்த வசனத்தைப் பற்றிக் கேட்டேன் என்பதும் அதில் இல்லை. அச்செடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் நான் எழுத்தர். இருபது வருடமாக வீடியோ கேம் ஆடுகிறேன். எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு, புதுப்பித்த பிறகு என்ன மாறியது என்று தேதி போட்டு எழுதியும் வைக்கிறேன். வீட்டில் கிறுக்கு என்பார்கள். குறுந்தகட்டில் வந்த காலத்தில் ஒரு விளையாட்டு முதல் நாள் என்ன சொன்னதோ அதையே பத்து வருடம் கழித்தும் சொல்லும். இப்போது விமர்சனம் வருகிற வாரத்தில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, அடுத்த மாதம் உள்ளே கடையைத் திறக்கிறார்கள். விமர்சகருக்கு இலவசப் பிரதி முன்கூட்டியே போகிறது. இன்ன நாள்வரை இன்னதைப் பேசாதே என்ற நிபந்தனையும் கூடவே போகிறது. விலை கொடுத்து வாங்கியவன், நேற்று இருந்தது இன்று இல்லை என்று சொன்னால் நம்ப ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியின் கணக்கு வாத்தியார் எனக்குப் பத்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்றே கூப்பிடுவேன். சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வேதபாடம் வாசிப்பவர் அவர்தான். ஒலிபெருக்கி போன நாளிலும் கடைசி பெஞ்சுவரை எட்டுகிற குரல். போன வருடம் ஆவணியில், கடற்கரைப் பட்டணம் ஒன்றைக் கட்டி வியாபாரம் செய்கிற விளையாட்டுக்கு, கருப்பட்டி வியாபாரியாகப் பேச நெல்லைக் குரல் தேடினார்கள். வண்ணாரப்பேட்டை ஒலிப்பதிவுக் கூடத்துக்காரரிடம் அண்ணாச்சியைச் சொன்னது நான்தான். இதை மறைத்துவிட்டு மேலே எழுதுவது சரியில்லை.

பதிவு நாளன்று கூடத்தில், வசனத் தாளை அவர் வேதபாடம்போல மனதுக்குள் மூன்று முறை வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். "சத்தியமாச் சொல்லுதேன், இது உடன்குடிச் சரக்கு." ஆணையிட்டுச் சத்தியம் செய்யக் கூடாது என்பது அவர் வீட்டில் விளையாட்டுக்குக்கூட மீறப்படாத வழக்கம். விபத்து வழக்கொன்றில் சாட்சி சொல்லப் போனபோதும் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி மட்டும் கூறியவர். வேஷத்துக்காகப் பேசுவதுதானே என்று கூடத்துக்காரர் சொல்லிப் பார்த்தார். வேஷத்துக்கு யார் வாயை வாடகைக்கு எடுப்பீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டார். கடைசியில் விளையாட்டு நிறுவனத்துப் பெண்மணி ஒருவர் தொலைபேசியிலேயே சம்மதித்தார். வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்கள்.

பிறகு ஒப்பந்தம் வந்தது. ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். அண்ணாச்சி விடைத்தாள் கட்டில் போடுவதுபோல ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வேகமாகக் கையெழுத்துப் போட்டார். படித்தீர்களா என்று கேட்டேன்.

"வசனத்தப் படிச்சாச்சுல்லா வே. இது அவங்க காயிதம்."

மார்கழியில் விளையாட்டு வெளிவந்தது. சுத்தமாக இருந்தது, அப்படியே எழுதியும் வைத்தேன். இந்த வருடம் புரட்டாசியில் நான்காவது புதுப்பித்தல் வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். கருப்பட்டி வியாபாரியின் கடை இருந்த இடத்தில் அதிர்ஷ்டப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். வியாபாரி என்னைப் பார்த்துப் பேசினார்.

"சத்தியமாச் சொல்லுதேன் வே, இந்தப் பெட்டிக்குள்ள உமக்குன்னே ஒரு சாமான் இருக்கு."

அண்ணாச்சியின் குரல். மறுபடி பேச வைத்துக் கைபேசியில் பதிவு செய்தேன். மின்விசிறிச் சத்தமும் குக்கர் விசிலும் அதில் சேர்ந்திருக்கின்றன.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டில் போட்டுக் காட்டினேன். மூன்று முறை கேட்டார். அவர் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுபவர், சமையலறை வாசலிலிருந்து சொன்னார்: "குரல் இவங்களோடதுதான். ஆனா அந்தப் பெட்டி கிட்டின்னு சொல்லுததுல மூச்சே இல்ல. இவங்க மூச்சு விடாம நாலு வார்த்த சேந்தாப்புல பேசுவாங்களா?"

அன்று குறிப்பேட்டில் 'முழுவதும் இயந்திரம் உண்டாக்கிய குரல்' என்று எழுதினேன். ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில், பதிவுகளும் அவற்றிலிருந்து உருவாக்கப்படுகிற யாவும் நிறுவனத்துக்கே என்று இருந்தது. அதன் அடியிலும் அண்ணாச்சியின் கையெழுத்து.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது. அன்று பாடம் வாசிக்க வேண்டியவர் அவர். போய்ச் சபைப் போதகரான ஐயரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். நீர் அதைச் சொல்லவில்லை என்றால் வாசிக்க என்ன தடை என்று ஐயர் கேட்டாராம். அதற்கு அண்ணாச்சி, சொல்லவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தபிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். என்னிடம் சொன்னது இது:

"சபையில பாதி வீட்டுல இத ஆடுதாங்க. நான் ஆணையிட்டுச் சூதுக்குக் கூப்புடுதேன். அதே வாய வச்சு எப்படி வே வாசிக்க?"

நான் நிறுவனத்துக்கு எழுதினேன். மேலே சொன்ன பதில் வந்தது. வந்த மூன்றாம் நாள் இன்னொரு புதுப்பித்தல். வியாபாரி இப்போது "வாங்க வாங்க" என்று மட்டும் சொல்கிறார். மாற்றங்களின் பட்டியலில் 'சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று ஒரு வரி. ஒப்பந்தத்துக்கு உட்பட்டதுதான் என்றால் அவசரமாக எடுப்பானேன்? இந்தத் தொழிலில் மன்னிப்பை நான் பார்த்ததில்லை. அழித்துவிட்டு, அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்பதுபோல நிற்பார்கள்.

பண்டிகைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அண்ணாச்சி என் அலுவலக மேசைக்கு வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுப் பைய கேட்டார்.

"அன்னைக்கு மைக்கு சரியா இருக்கான்னு பாக்க எதையோ வாசிக்கச் சொன்னாங்கள்லா. தாள்ல இருந்துதான் வாசிச்சேன். எத வாசிச்சேன்னு ஞாபகம் இல்ல. நீரு எழுதி வச்சிருப்பீரே."

எடுத்துப் பார்த்தேன். 'பத்து இருபது: மைக் சோதனை, இரண்டு வரி. பத்து நாற்பது: சத்திய வரி அடிக்கப்பட்டது.' நடுவில் பொடி எழுத்தில், 'டீ குடிக்க வெளியே போனேன்.' நாள் முழுக்கக் கூடவே இருந்ததாக இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு வரி என்பதே திரும்பி வந்தபிறகு கூடத்துக்காரர் சொல்லி எழுதியது. எந்த இரண்டு வரி என்று நான் கேட்கவில்லை.

"நீரு அங்கனதான் இருந்தீருன்னு நெனச்சேன்" என்றார்.

அந்தக் கூடம் பங்குனியிலேயே மூடிவிட்டது. கூடத்துக்காரர் எண்ணுக்கு அழைத்தால், உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. அசனத்தன்று வேறொருவர் பாடம் வாசித்தார். அண்ணாச்சி மூன்றாவது வரிசையில் தன் வேதாகமத்தைத் திறந்து வைத்து விரலால் தொடர்ந்துகொண்டிருந்தார். வாசித்தவர் ஒரு பெயரில் தடுமாறியபோது இவர் உதடு அசைந்தது.

குறிப்பேட்டில் 'முழுவதும்' என்ற சொல்லை அடித்துவிட்டேன். பெட்டியைப் பற்றிய பகுதி அவர் தாளில் எங்குமே இல்லாதது, அவர் பேசியதல்ல. 'சத்தியமாச் சொல்லுதேன்' என்பது மட்டும் இயந்திரம் உண்டாக்கியதா, பத்து இருபதுக்கும் பத்து நாற்பதுக்கும் நடுவே அண்ணாச்சியே வாசித்ததா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.