ரூத் அக்காவின் முகத்தை நாங்கள் மூடவில்லை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ரூத் அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி பேசினார். "மலர், அக்கா காலமை எழும்பேல்லை" என்றார். அதற்கு என்ன பொருள் என்று விளங்கச் சற்று நேரமாயிற்று. தெரிந்தெடுத்து வைத்த காய்களுக்குக் காசு கொடுத்து, பையையும் வாங்கிக்கொண்டுதான் நடக்கத் தொடங்கினேன்.

இதை வாசிக்கும் பலர் அவர் பொருத்திய காலில் நடப்பவர்கள். போர் முடிந்து சில ஆண்டுகளின் பின், எங்கள் செயற்கைக் கால் நிலையத்தில் ஓராண்டு வேலை செய்வதற்கென இங்கிலாந்திலிருந்து வந்தவர், பிறகு திரும்பிப் போகவில்லை. முதலில் நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர். அவர் எங்கள் பேச்சைப் பேசப் பழகிய பின் சிநேகிதி. அவர் ஒரு யூதர் என்பது சிலருக்கே தெரியும். "என்ரை ஆக்களிலை இஞ்சை நான் ஒராள்தான்" என்று சிரிப்பார்.

என் அப்பா இறந்தபோது அவர் ஒரு கிண்ணம் நிறைய அவித்த முட்டையோடு வந்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை மீன், முட்டை என்று எந்த மச்சமும் சேர்க்காத வீடு எங்களுடையது. அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் காதோடு விளக்கியதும் ரூத் அக்கா முகம் சிவந்து கிண்ணத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தங்கள் ஆட்கள் துக்க வீட்டுக்கு வட்டமான உணவைத்தான் கொண்டுபோவார்கள் என்றார். மறுநாள் அவித்த கடலையோடு வந்தார். "இதுவும் வட்டம்தானே, அம்மா" என்று அம்மாவிடம் நீட்டினார். அப்பா இறந்தபின் அம்மா அன்றுதான் முதன்முதலாகச் சாப்பிட்டார்.

வந்தவர்கள் எல்லோரும் என்னிடம், என்ன வருத்தம், எப்ப ஏலாமல் வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அப்பாவை ஒருமுறை சாகடித்துக்கொண்டிருந்தேன். ரூத் அக்கா மட்டும் பக்கத்தில் பாயில் இருந்து ஒன்றும் கேட்கவில்லை. பிறகு காரணம் சொன்னார். "துக்கக்காரர் முதலிலை வாய் திறக்கோணும். அதுவரைக்கும் வந்த ஆள் பேசாமல் இருக்கோணும். அது எங்கடை முறை."

புத்தூரில் தவம் அண்ணையின் தாயார் இறந்தபோது இருவரும் போயிருந்தோம். கண்ணிவெடியில் கால் இழந்த தோட்டக்காரர் தவம் அண்ணை. திரும்பி வரும்போது பேருந்தில் ரூத் அக்கா தங்கள் வழக்கங்களைச் சொன்னார். பெண்ணின் உடலைப் பெண்கள்தான் கழுவ வேண்டும். பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே வெள்ளைப் பருத்தித் துணி. பூ இல்லை. பெட்டி சாதாரணப் பலகை. முகத்தை மூடிவிட வேண்டும்.

"ஏன் மூடோணும்?" என்று கேட்டேன்.

"செத்த ஆளுக்கு எங்களைப் பாக்கேலாது. நாங்கள் மட்டும் அந்த ஆளைப் பாத்துக்கொண்டு நிக்கிறது என்ன நியாயம், மலர்?"

அவர் இறந்த அன்று பின்னேரமே நிலையத்தில் கூட்டம் கூடியது. எங்கள் தலைவர் சண்முகம் மாஸ்டர் கண் கலங்கிப்போய் இருந்தார். இங்கிலாந்திலிருந்து ரூத் அக்காவின் தம்பி டேனியல் பேசியிருந்தார்: எரிக்க வேண்டாம், புதையுங்கள், புறப்பட்டு வருகிறேன். ஒரு பாதிரியார் தங்கள் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் வேலியோரம் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உமக்குத்தான் தெரியும். அவவின்ரை சமயத்திலை வேறை ஏதும் முறை இருக்கோ?"

மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதாகைக்குச் சொல்லியாகிவிட்டது. பூமாலைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. அஞ்சலி உரையாற்றுவோரில் என் பெயர் முதலாவதாக இருந்தது. அவ்வளவு பேரின் அன்புக்கு முன்னால், அது வேண்டாம், இது வேண்டாம் என்று சொல்லும் ஆளாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

"புதைக்கிறதுதான், மாஸ்டர். வேறை பெரிசா ஒண்டுமில்லை" என்றேன்.

இறுதிச் சடங்குக்கு உடலை ஆயத்தம் செய்யும் மலர்ச்சாலையின் ஆண்கள் அவரைக் கழுவினார்கள். அரக்கு நிறப் பட்டுச்சேலை உடுத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். யாரோ பொட்டும் வைத்திருந்தார்கள். டேனியல் வந்து சேரும்வரை பந்தலில் வரிசை நீண்டது. மன்னாரிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் ஊன்றுகோலோடு வந்தவர்கள் கண்ணாடியைத் தொட்டு அழுதார்கள். கைத்தொலைபேசிகளை முகத்துக்கு நேரே பிடித்தவர்களும் இருந்தார்கள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கி, "பார், அப்பாவுக்குக் கால் தந்த மாமி" என்று காட்டினாள். அவர்கள் யாரிலும் பிழையில்லை. அவர்களுக்குத் தெரியாது. நான் ஒலிவாங்கியைப் பிடித்து நன்றாகப் பேசினேன். பலர் அழுதார்கள். எனக்கு ஒரு அடி தள்ளி அவருடைய முகம் வெளிச்சத்தில் கிடந்தது.

டேனியல் விமான நிலையத்திலிருந்து நேரே பந்தலுக்கு வந்தார். நரைத்த தாடி, கசங்கிய சட்டை. பதாகைகளையும் மாலைகளையும் தாண்டி நடந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றார். அந்தச் சேலையில் தமக்கையை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை என்று நினைக்கிறேன். குனிந்து பார்த்து, நிமிர்ந்து, தங்கள் துக்க முறைப்படி தன் சட்டையை மார்பருகே பிடித்துக் கிழித்தார். யாரையும் ஏசவில்லை. "தயவுசெய்து முகத்தை மூடுவீர்களா?" என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். மாஸ்டர் பதறிப்போய்த் தன் சால்வையைக் கொடுத்தார்.

சேமக்காலைக்குப் பெண்கள் போவது எங்களிடையே வழக்கமில்லை. மற்றப் பெண்களோடு நான் வாசலில் நின்றுகொண்டேன். டேனியல் ஆள் அனுப்பி எங்களையும் கூப்பிட்டார். குழி வெட்டியவர்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, மண்வெட்டியைப் புரட்டிப் பிடித்து அதன் முதுகால் முதல் மண்ணைத் தள்ளினார். இந்த வேலையை விரைவாகச் செய்ய மனமில்லை என்பதைக் காட்ட அப்படி என்றார். பிறகு அதை யாரிடமும் நீட்டாமல் மண்ணில் குத்திவிட்டு விலகினார். அடுத்து யார் என்று தெரியாமல் எல்லோரும் நின்றோம். தவம் அண்ணை முன்னே போனார். இளகிய மண்ணில் செயற்கைக் கால் புதைந்தது. அதை இழுத்து ஊன்றிக்கொண்டு மண்ணைத் தள்ளினார். அவருக்குப் பின்னால் ஊன்றுகோல்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். உரையாற்றிய நாங்கள் கடைசியில்தான் போனோம்.

அதன்பின் டேனியல் ரூத் அக்காவின் வீட்டில், கண்ணாடிகளைத் துணியால் மூடிவிட்டு, ஏழு நாள் ஒரு தாழ்ந்த பலகையில் இருந்தார். நானும் போய்ப் பேசாமல் இருந்தேன். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"நீங்கள் மலர்தானே? எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லி வைத்திருப்பதாக அக்கா சொல்லியிருந்தாள். அதனால் இங்கே சாவதற்குப் பயமில்லை என்றாள்." பிறகு என் கையைத் தொட்டார். "நீங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரை எதிர்த்து ஒருவர் என்ன செய்ய முடியும்?"

நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்காகவே இதை எழுதுகிறேன். நான் எவரிடமும் எதுவும் சொல்லிப் பார்க்கவில்லை. மாஸ்டர் என்னைக் கேட்டார். கேட்டவரிடம் ஒன்றுமில்லை என்றேன். முறை தெரியாத ஊர் என்று டேனியல் நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். அது உண்மையில்லை. இந்த ஊரில் ஒருத்திக்குத் தெரியும்.

போன கிழமை டேனியலுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "எங்களில் உடலைக் கழுவுகிறவர்கள், வேலை முடிந்ததும் இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்பார்கள். அவளிடமும் போய்ச் சொல்லுங்கள்" என்றார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் சேமக்காலைக்குத் தனியே போனேன். வேலியோரம் நின்று பெயரைச் சொல்லி அழைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, நிலையத்தில் நாள்தோறும் கேட்ட ஒரு பேச்சு. புதிய காலைப் பூட்டி எழுந்து நின்றதும், நோகிறதா என்று அவர் கேட்பார். எங்கள் ஆட்கள், செய்து தந்தவரின் மனம் கோணக் கூடாதென்று, இல்லை என்பார்கள். ரூத் அக்கா தரையில் குந்தி இருந்து அண்ணாந்து பார்ப்பார்.

"மரியாதைக்காக நோகேல்லை எண்டு சொல்லாதேங்கோ. எந்த இடம் எண்டு காட்டுங்கோ."