ஏரிப் பக்கம் இழுத்த வண்டி

எங்கள் பிக்கப் வண்டிக்கு இடது பக்கத்தின்மேல் தீராத ஆசை. ஸ்டியரிங் பிடித்த கை கொஞ்சம் தளர்ந்தால் போதும், சாலையோரப் புளியமரத்தைப் பார்த்து நகர ஆரம்பித்துவிடும்.

முதலில் அது அப்படி இல்லை. பெங்களூரில் பட்டாளத்துப் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக எடுத்துவந்தது. ராயக்கோட்டைச் சாலையில் இருந்த எங்கள் ஊரிலிருந்து தக்காளிக் கூடைகளைச் சுமந்துகொண்டு ஒழுங்காகத்தான் ஓடியது. சுமை ஏற ஏற வண்டி தாழ்ந்துபோகிறது என்று சித்தப்பா ஒரு பழைய லாரியின் தடித்த ஸ்பிரிங் பட்டைகளை வாங்கிவந்து, நாலு சக்கரத்துக்கும் தானே மாற்றிப் போட்டார். வண்டி நிமிர்ந்து நின்றது. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஓட்டிய பிறகுதான் கோணல் தெரிந்தது. முன் டயர்கள் வேறு ஒரு பக்கமாகவே தேய்ந்துகொண்டு வந்தன.

அந்தச் சமயம் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றுக்கு முறை வைத்தார்கள், வீட்டுக்குக் குறுக்கே சுவரும் எழுப்பியாகிவிட்டது. வண்டியை மட்டும் அறுத்துப் பங்குபோட முடியவில்லை. எனக்கு எட்டு வயது. ஸ்பிரிங் பட்டையால்தான் சண்டை என்று நான் உறுதியாக நம்பினேன். சொல்ல வேண்டியதை ஒருவர் என்னிடம் சொல்லுவார். நான் ஓடிப்போய் மற்றவரிடம் சொல்லுவேன். இருவரும் ஒரே களத்தில் நின்றிருந்தாலும் அப்படித்தான். என்னை விட்டால் அந்த இரண்டு வீட்டுக்கும் வேறு நாதி இல்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

மாதா திருவிழாவுக்கு முந்தைய வாரம் கோயில் சாமியார் சைக்கிளில் வந்து இறங்கினார். தேரை வெளியே எடுத்துப் பார்த்தால் அச்சுமரத்தைக் கரையான் அரித்துவிட்டதாம். பவனிக்கு எங்கள் வண்டி வேண்டும் என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எங்கள் வண்டியில் மாதா! தக்காளிச் சாறு ஊறிய அந்தப் பலகையில் பட்டு விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஊரே பின்னால் பாடிக்கொண்டு வரும்! அப்பா உடனே தலையாட்டிவிட்டார். சாமியார் சைக்கிள் மறைந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"பவனி ஏரிக்கரை மேலதானே போவுது? ஏரி எந்தப் பக்கம்?"

ஏரி இடது பக்கம். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து, தளும்பி நின்றது.

"மாதாவுக்கு நீச்சல் தெரியுமான்னு சாமியார ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலை வண்டி களத்தின் நடுவே நின்றது. வலது பக்கம் அப்பா, இடது பக்கம் சித்தப்பா. நடுவே நான். எவ்வளவு பெரிய வேலை!

"பாப்பா, முன்னச்சே கோணலா நிக்குதோ என்னமோ. ரெண்டு பக்கமும் அளந்து பாக்கணும்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றார் சித்தப்பா.

அப்பாவுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் நான் பானெட்டைச் சுற்றி ஓடிப்போய்ச் சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு மூங்கிலை வெட்டி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து முன்சக்கரத்தின் நடுவுக்குப் பிடித்துப் பார்த்தார். மூங்கில் கொஞ்சம் குறைந்தது. மிச்ச இடைவெளியில் விரல்களை வைத்தார்.

"ஒரு மூங்கிலு, நாலு விரக்கடை. போய்ச் சொல்லு."

மூங்கிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சித்தப்பாவும் பிடித்துப் பார்த்தார், விரல்களை வைத்தார். "ஒரு மூங்கிலு, நாலு விரக்கடை!"

சரியாக இருக்கிறது! நான் கைதட்டிக் குதித்தேன். அச்சில் கோளாறு இல்லை என்று முடிவாகி, அப்பா வண்டிக்கடியில் படுத்து, முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பியைத் திருகினார். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். வண்டி இடது பக்கம் போய் வேலியில் முட்டி நின்றது. மறுபடி அளந்தோம். மறுபடி இரண்டு பக்கமும் ஒரு மூங்கில், நாலு விரக்கடை. மறுபடி கம்பியைத் திருகல். மறுபடி அதே வேலி. சித்தப்பா தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். எனக்கு ஓடி ஓடி மூச்சு வாங்கியது. ஆனாலும் ராஜ்ஜியத்தையே காப்பாற்றும் தூதுவனைப் போல விடாமல் ஓடினேன்.

அம்மா இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆனேக்கல் பக்கத்துப் பெண். கோபம் வந்தால் கன்னடம் வந்துவிடும். "சாக்கு, சாக்கு!" என்றாள். போதும் என்று அர்த்தம். "வா இங்க. பூண்டு உரிக்கணும்."

"வேலை இருக்குதும்மா!"

"வான்னா வரணும்."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டாள். உள்ளே போய்ப் பார்த்தால் பூண்டு ஏற்கெனவே உரித்துக் கிண்ணம் நிறைய இருந்தது. "இன்னும் கொஞ்சம் வேணும்" என்று முழுப்பூண்டு ஒன்றை என் மடியில் போட்டாள். வண்டி சரியாகாமல் போனால் அதற்கு அம்மாதான் பொறுப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் களத்தைப் பார்த்தேன்.

அப்பா வலது பக்கம் நின்றார். சித்தப்பா இடது பக்கம் நின்றார். வெகுநேரம் இருவரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அப்பா பானெட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். போனவர் சித்தப்பாவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"அம்மா! சித்தப்பாவ அப்பா அடிக்கிறாரு!"

அம்மா தடுப்பதற்குள் வெளியே பாய்ந்தேன். அடி ஒன்றும் விழவில்லை. தன் நாலு விரல்களோடு சித்தப்பாவின் நாலு விரல்களைச் சேர்த்துவைத்து அப்பா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுடையவை மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல்கள். சித்தப்பாவுடையவை மெலிந்து நீண்டவை. அப்பாவின் நாலு, சித்தப்பாவின் ஐந்துக்குக் கிட்டத்தட்ட வந்தது.

"உன் பக்கம் குறையுதுடா" என்றார் அப்பா. என்னிடம் அல்ல.

"ஆமாண்ணே" என்றார் சித்தப்பா.

ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது பக்கப் பட்டையை அச்சோடு இறுக்கியிருந்த போல்ட்டுகளைத் தளர்த்தினார்கள். பட்டைகளின் நடுவே ஓடும் ஆணியின் தலை, அச்சிலுள்ள குழியில் உட்காராமல் விளிம்பில் ஏறி நின்றது. அதனால்தான் அந்தப் பக்கச் சக்கரம் பின்னால் தள்ளியிருந்திருக்கிறது. சித்தப்பா கடப்பாரையால் நெம்ப, அப்பா சுத்தியலால் ஒரு போடு போட, டக்கென்று அது குழியில் இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் கத்திய கத்தலில் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து சித்தியும் ஓடிவந்தாள்.

"ஒத்த ஆளா செய்யற வேலையாடா இது? என்னைக் கூப்புட்டா என்ன?" என்று அப்பா அதட்டினார். சித்தப்பா போல்ட்டையே முறுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு அம்மாவின் தையல் டேப்பை வாங்கி, இரண்டு முன் டயர்களுக்கும் இடையே முன்பக்கமும் பின்பக்கமும் அளந்தார்கள். ஒரு நுனியைப் பிடித்தது நான்தான். முன்பக்கம் ஒரு துளி ஒடுங்கி நிற்கும்படி கம்பியைத் திருகி வைத்தார்கள். தெருக்கோடிவரை போன வண்டி வேலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பட்டும் சாமந்தியுமாக மாதா ஏறினாள். பூக்கூடையோடு சுரூபத்தின் காலடியில் உட்கார எனக்கும் இடம் கிடைத்தது. அப்பா ஓட்டினார், பக்கத்தில் சித்தப்பா. ஏரிக்கரையில் ஏறியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் தண்ணீர் தன் இடத்தில் இருந்தது, நாங்கள் எங்கள் இடத்தில் இருந்தோம். மெழுகுவர்த்திச் சுடர்கூடச் சாயவில்லை. பின்னால் ஊரே பாடியது. நானும் தொண்டை கிழியப் பாடினேன்.

பாட்டு ஓய்ந்த இடைவெளியில்தான் முன்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

"கிளச்ச அப்பிடி மிதிக்காதண்ணே!"

"நீ வாய மூடு. எனக்குச் சொல்லித்தர வந்துட்டான்."

"கிணத்து முறையிலயும் இதே பிடிவாதந்தான் உனக்கு!"

"கிணத்தப் பத்தி நீ பேசறியா?"

கோயில் வந்து சேரும்வரை அது அடங்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. இவ்வளவு பாடுபட்டும் மறுபடி சண்டை! வண்டி நின்றதும் குதித்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அப்பாவும் சித்தப்பாவும் வண்டிக்குள்ள சண்டை போட்டுக்கறாங்க!"

"நெஜமாவா? சத்தமாவா?"

"ரொம்ப சத்தமா! கிணத்தப் பத்தி!"

அம்மா பக்கத்தில் நின்ற சித்தியின் கையைப் பிடித்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவின் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. கோயில் மணிச் சத்தத்தில் நான் சொன்னது அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்து, இன்னும் உரக்க, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.